சுருட்டி வைத்த கம்பி

தீபாவளி கழிந்த வாரம் எங்கள் மின்வாரியத் தொழிற்சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மின்சார அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தஞ்சாவூரில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பாம். அதில் ஓர் அமர்வுக்கு 'தலைமைப் பண்பும் தன்னார்வச் சேவையும்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்த இரண்டையும் முதலில் ஆரம்பித்தவர் நீங்கள்தானே, வந்து பத்து நிமிஷம் பேசுங்கள் என்றார்கள். "சந்தோஷமா நாலு விஷயம் சொல்லுங்க சார், பசங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்" என்றார் ஒருவர். நான் போட்டுக் கொடுத்த காபியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை ஓரமாக வைத்துவிட்டார். இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அந்தக் காபியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள், பிறகு பேத்தியும் பிறந்து அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. என்னையும் கூப்பிடுகிறார்கள். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து லிஃப்டில் ஏறி இறங்குவதைத் தவிர எனக்கு அங்கே என்ன வேலை? மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வருகிறது. இரவுக்கு அதில் மிச்சம் இருக்கும்.

சந்தோஷமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் எழுதித் தருகிறேன், சங்க மலரில் போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். வகுப்பில் வேறு யாரோ பேசி முடித்தாயிற்று. நான் எழுதி முடிக்கத் தை பிறந்துவிட்டது. எழுதுவதற்கு முன்னால் ஒரு பெண்ணிடம் நேரில் போய் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தவள். அந்தத் தைரியம் வருவதற்குத்தான் இவ்வளவு நாள் ஆனது.

என் வேலைக் கதை நீளமானது இல்லை. இருபத்திரண்டு வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். நடவு வயலின் சேற்றில் எட்டுப் பேர் கம்பம் தூக்கிக்கொண்டு போவோம், உயரம் குறைந்தவன் என்பதால் என் தோளில் கனம் இறங்காது, அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்வார்கள். பிறகு வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், கடைசியில் ஃபோர்மேன். பயிற்சி என்று தனியாக யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துக் கற்றதுதான், திட்டு வாங்கிக் கற்றதுதான்.

அப்படிக் கற்றதில் ஒரு பழக்கத்தை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்வதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரில் போய் மூன்று ஃபியூஸையும் கழற்றுவோம். ஃபியூஸ் மாட்டியிருக்கும் பீங்கான் பிடிக்குக் கேரியர் என்று பெயர். கழற்றிய கேரியரை அங்கேயே பெட்டிமேல் வைத்துவிட்டுப் போகக்கூடாது. மூன்றையும் பையில் போட்டுத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் கம்பத்தில் ஏற வேண்டும். வேலை முடிந்து கடைசி ஆள் தரையில் இறங்கிய பிறகு, எடுத்துப் போனவனே திரும்ப வந்து மாட்ட வேண்டும். ஒருமுறை திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நானும் இன்னொருவரும் மேலே இருந்தபோது, தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் ஒரு விவசாயி டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து ஃபியூஸைத் தேடியிருக்கிறார். கிடைக்காமல் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனாராம். நாங்கள் இறங்கி வந்து அந்தத் திட்டைக் கேள்விப்பட்டபோது பைக்குள் கைவிட்டு மூன்று கேரியரையும் எண்ணிப் பார்த்தேன். என் பை அன்றைக்குக் கனமாக இருந்ததால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

நான் ஃபோர்மேனாக இருந்த பிரிவு அலுவலகத்துக்கு ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, வந்தவர் சுகந்தி மேடம். என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர். குரல் உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. ஹெல்பர் முதல் எல்லாரையும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவார். நாம் ஏதாவது சொன்னால் பேனாவை எடுத்து எழுதுவார், எழுதியதை நமக்கே திருப்பிப் படித்துக் காட்டுவார். "இது நீங்க பார்த்ததா, நெனைச்சதா?" என்று கேட்பார். நினைத்தது என்றால் அந்த வரியை அடித்துவிடுவார். முதல் ஆறு மாதம் எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. கல்யாணச் சமையலில் உப்புப் பார்ப்பவரைப் போல எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கிறாரே என்று பேசிச் சிரிப்போம்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வேலை செய்யத் தெரியும். செய்ய வைக்கத் தெரியலை" என்றார். திருச்சியில் ஐந்து நாள் தலைமைப் பயிற்சிக்கு என் பெயரை எழுதி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு என்ன பள்ளிக்கூடம் என்று முனகிக்கொண்டே போனேன்.

அங்கே ஏசி அறையில் காகிதக் கப்புகளைக் கொடுத்து, ஆறு பேர் சேர்ந்து கோபுரம் கட்டுங்கள் என்றார்கள். நாலு நிமிஷத்தில் கட்டிவிட்டேன். பயிற்சி தருபவர் என் குழுவில் இருந்த மற்ற ஐந்து பேரையும் பார்த்து, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்றார்கள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகம் சூடாகிவிட்டது. முப்பது வருஷமாக எல்லாக் கம்பத்திலும் நான் செய்து வந்தது அதைத்தான்.

அந்த ஐந்து நாளில் நான் சின்னப்பிள்ளையாகவே மாறிவிட்டேன் என்று சொன்னாலும் தவறில்லை. என் கருத்து என்ன என்று வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ கேட்டார்கள். மூன்று பாடங்களை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன். மக்கள் தங்கள் கையால் செய்த மாற்றம்தான் நிற்கும், நீ பிடுங்கிச் செய்யாதே. நல்லது நடந்தால் குழுவில் உள்ளவன் பெயரைச் சொல், தவறு நடந்தால் உன் பெயரைச் சொல். சேவைக்குப் போகும்போது ஆபீசை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ, அப்போதுதான் உண்மை பேசுவார்கள். முடிந்து கிளம்பும்போது, ஒவ்வொருவரும் வேலைக்கு வெளியே ஒரு சேவையை எடுத்துச் செய்ய வேண்டும் என்றார்கள். நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எலிக்கம்பி என்று எழுதிக் கொடுத்தேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அது புதிதில்லை. சம்பாப் பயிர் கதிர் வைக்கும் சமயத்தில் எலி இறங்கினால் ஒரே வாரத்தில் வயல் மொட்டையாகிவிடும். சிலர் வரப்பைச் சுற்றி அரையடி உயரத்தில் குச்சி நட்டு, கட்டுக்கம்பியை இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் கொடுத்துவிடுவார்கள். விடியும் முன் நிறுத்திவிட வேண்டும் என்பது கணக்கு. ஒரு நாள் மறந்தால் எலிக்குப் பதில் மனிதர். அப்படிப் போனவர்களுக்காக மின்சாரத்தை நிறுத்திக் கொடுக்க நானே நாலு முறை போயிருக்கிறேன்.

ஞாயிறு குழு என்று ஒன்பது பேர் சேர்ந்தோம். சீருடை கிடையாது, ஆபீஸ் வண்டி கிடையாது, நோட்டு கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து, "இன்னிக்கி நாங்க ஆபீஸ் ஆளுங்க இல்லைங்க. இங்க கேக்கறது இங்கயே இருக்கும்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். சுகந்தி மேடத்திடம் அனுமதி கேட்டபோது, "ஞாயித்துக்கிழமைக்கு என் பர்மிஷன் எதுக்குங்க? ஆனா கண்ணு லீவு எடுக்காது. பார்த்தா பார்த்ததுதான்" என்றார். அவருக்குச் சேவை மனப்பான்மை போதாது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

குழுவில் எல்லாரையும்விட முன்னேறியவன் வயர்மேன் மாரிமுத்து. முப்பத்தைந்து வயது. ஆபீசில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போதுகூடத் தலை நிமிராதவன். முதல் நான்கு ஞாயிறு பின்னால் நின்றுகொண்டு பாய் விரித்தான், தண்ணீர் கொடுத்தான். ஐந்தாவது ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "மாரி, நீ பேசு" என்றேன். வியர்த்துக் கொட்ட எழுந்தான். தன் சித்தப்பா எலிக்கம்பியில் போனதைச் சொன்னான். பிணத்தின் கையிலிருந்து அரிவாளைப் பிரிக்க முடியாமல் அப்படியே எடுத்துப் போனார்களாம். இதை எங்கள் யாரிடமும் அவன் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் "அந்தத் தம்பி வரலியா?" என்றுதான் கேட்பார்கள். லைன் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயரும் ஏறியது. எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

இனிச் சொல்லப்போகும் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மாதத்து ஞாயிறு. கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ராஜேந்திரன் என்ற விவசாயி என்னையும் மாரிமுத்துவையும் ஓரமாகக் கூப்பிட்டார். அறுபது வயது, ஊரில் மரியாதையுள்ள மனிதர்.

"ஃபோர்மேன் தம்பி, வெளிய சொல்ல மாட்டேன்னீங்க. நானும் போட்டிருக்கேன். அந்தப் பையன் பேசினதக் கேட்டப்புறம் மறைக்க மனசு வரல. வந்து பாருங்க."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஒரு வருஷ உழைப்புக்கு ஒரு மனிதர் தானாக வந்து ஒப்புக்கொள்கிறார். வயலுக்குப் போனோம். குச்சிகள், கம்பி, கொட்டகைக்குள் இணைப்பு எல்லாம் இருந்தன. அவரே இணைப்பைப் பிரித்தார். நாங்கள் நின்று பார்க்க, வரப்பைச் சுற்றி நடந்து கம்பியைச் சுருட்டினார். அந்தச் சுருளைக் கொட்டகைக்குள் பரணில் வைத்தார்.

மாரிமுத்து என் காதருகே வந்தான். "எடுத்துக்கிட்டுப் போயிடலாம் சார். கேரியர் மாதிரி."

"வேண்டாம் மாரி. அவரு கையால எடுத்திருக்காரு. நாம எடுத்துட்டுப் போனா பறிமுதல் பண்ண மாதிரி ஆயிடும். அவர நம்பணும்."

"இல்ல சார், கையில இருந்தா..."

"நம்ம ஆபீஸ் புத்திய வீட்ல விட்டுட்டு வந்திருக்கோம்" என்று அவன் தோளில் தட்டினேன். ராஜேந்திரன் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம். முப்பது வருஷம் என் பையை விட்டுப் பிரியாத ஒரு பழக்கத்தை, ஐந்து நாள் படித்த படிப்பை நம்பி அந்தக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

மார்கழியில் ஒரு காலை, அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போய்விட்டது என்று ஆபீசுக்குப் போன் வந்தது. ஆள் குறைவு என்பதால் நானே போனேன். மாற்றிக்கொண்டிருக்கும்போது பறைச் சத்தம் கேட்டது. கீழே நின்றவரிடம் கேட்டேன். "தனம்னு ஒரு பொம்பள சார். விடியறதுக்கு முன்னால மாட்டுக்குப் புல்லறுக்கப் போச்சு. வரப்புல பாம்பு கடிச்சிடுச்சு. ராஜேந்திரன் வயலாண்ட."

வயலுக்கு ஓடினேன். குச்சிகள் பாதி நின்றன, பாதி பிடுங்கிப் போட்டிருந்தன. கம்பி இல்லை. பதறிப் பிடுங்கும்போது கொட்டகை இரும்பில் பட்டு ஃபியூஸ் போயிருக்க வேண்டும். பயிரில் எலி வெட்டியது திட்டுத் திட்டாகத் தெரிந்தது. எலி திரும்ப இறங்கியிருக்கிறது, பரணில் கம்பி தயாராக இருந்திருக்கிறது. நாங்கள் வந்து போய் இருபத்தோரு நாள் ஆகியிருந்தது.

தனம் வீட்டு வாசலில் கூட்டம். சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று நாலைந்து பெரிய மனிதர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தனத்தின் ஒரே மகள் பிரேமா, நர்சிங் படிப்பவள், தகவல் தெரிந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அப்பா கிடையாது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "பாம்பு கடிச்ச எடம் எங்கங்க? காட்டுங்க. பல்லு பட்ட எடத்தக் காட்டுங்க." கணுக்காலுக்கு மேலே கோடு இழுத்ததுபோலக் கருகியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

ஒருவர் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். "ஃபியூஸ் போட்டாச்சுல்ல சார்? கெளம்புங்க. பாம்புன்னு இருந்தா எல்லாருக்கும் நல்லது. நீங்கதான் ஆபீஸ் ஆளு இல்லேன்னு சொல்லி ஊருக்குள்ள வந்தவரு."

கூட்டத்தின் பின்னால் ராஜேந்திரன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வணக்கம் இல்லை அது.

நான் கிளம்பிப் போயிருக்கலாம். கொடுத்த வாக்கு இருந்தது. அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கப் பாம்பை நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள். பைக் பக்கத்தில் நின்று சுகந்தி மேடத்துக்குப் போன் செய்தேன். எனக்குப் பேச்சு குழறியது. "நெனைச்சத விடுங்க. பார்த்தது என்ன, வரிசையாச் சொல்லுங்க" என்றார். ஃபியூஸ், குச்சி, கணுக்கால் மூன்றையும் சொன்னேன். "அங்கயே இருங்க. உடம்ப எடுக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, போலீசுக்கு அவரே சொன்னார். போலீஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் அந்த வாசலில் ஊர் முழுக்க என்னைத் திட்ட, தனியாக நின்றேன். பிரேமா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிரேதப் பரிசோதனையில் உண்மை வந்தது. ராஜேந்திரன் அன்று மாலையே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஆபீசில் மேடம் என் வாக்குமூலத்தை எழுதினார். எல்லாம் முடிந்து பேனாவை மூடப்போனவர், மூடாமல் கேட்டார்: "இதுக்கு முன்னாடி அந்த வயலுக்குப் போயிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இந்த ஜென்மத்துக்கும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். முன்பே எச்சரிக்கப்பட்டவர் என்று தெரிந்தால் வழக்கு இறுகும் என்பதால் ராஜேந்திரன் வாயைத் திறக்கப்போவதில்லை. நான் சொன்னேன். பரணில் வைத்தது, இளநீர் குடித்தது வரை சொன்னேன். மாரிமுத்து எடுத்துப் போகலாம் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "மாரிமுத்து பேர் இதுல இருக்கணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருக்கணும் மேடம். அவன்தான் சரியாச் சொன்னான். அது பதிவாகணும்."

"பேப்பர் நீங்க நெனைக்கற மாதிரி படிக்காதுங்க."

"இருக்கட்டும் மேடம்" என்றேன். குழுவில் உள்ளவனின் நல்லதைச் சொல், தவறைத் தன் பெயரில் வை என்று படித்திருந்தேனே. இரண்டையும் ஒரே தாளில் செய்துவிட்ட திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன்.

மேலே போன அந்தத் தாளைப் படித்தவர்களுக்கு ஒரு வரிதான் தெரிந்தது. ஊழியர்கள் இரண்டு பேர் சட்டவிரோத இணைப்பைப் பார்த்தும் தகவல் கொடுக்கவில்லை. எனக்குத் தண்டனையாகப் பூம்புகார்ப் பக்கம் மாற்றல். மாரிமுத்துவுக்கும் மெமோ, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று அவன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். "என் பேரச் சொல்லாம இருந்திருக்கலாமே சார்."

"உனக்கு நல்லதாத்தான்பா சொன்னேன்."

"நான் சொன்னத அன்னிக்கி வயல்ல கேட்டிருந்தா, அது நல்லது சார்."

அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னோடு பேசியதில்லை. ஞாயிறு குழுவும் அன்றோடு முடிந்தது. எந்த ஊரிலும் யாரும் எங்களிடம் வாயைத் திறக்கத் தயாராக இல்லை. ஆபீஸ் ஆட்களுக்கு நான் தன்னோடு இன்னொருவனையும் இழுத்துவிட்டவன். ஊருக்கு நான் காட்டிக் கொடுத்தவன். பூம்புகாரில் நாலு வருஷம், கடல் காற்றில் துருப்பிடிக்கும் கம்பிகளை மாற்றிக்கொண்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் வேலையை முடித்து வந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். பழைய பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சுகந்தி மேடம் மட்டும் போன் செய்தார்.

ஒரே ஒரு ஆள் பாக்கி இருந்தாள். பிரேமா. அம்மா போன மறுவருஷத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலன்றும் காலையில் அவளிடமிருந்து போன் வரும். "சார், பொங்கிடுச்சா?" என்பாள். குக்கரில் வைப்பது எங்கே பொங்குகிறது என்பேன். சிரிப்பாள். படிப்பு முடிந்தது, ஒரத்தநாட்டில் ஒரு கிளினிக்கில் வேலை, ஹாஸ்டல் சாப்பாடு என்று எல்லாம் சொல்வாள். வைக்கும்போது ஒருமுறை தவறாமல், "அன்னிக்கி நீங்க ஒருத்தர்தான் சார் நின்னீங்க" என்பாள். வருஷத்தில் அந்த ஒரு காலைக்காக நான் இருந்தேன் என்றால் அது மிகையில்லை. அவளுக்குத் தெரிந்தது நான் வாசலில் நின்றது மட்டும்தான். இருபத்தோரு நாள் முன்னால் அந்த வயலில் நின்றது அவளுக்குத் தெரியாது. என் வாக்குமூலம் ஆபீஸ் கோப்பில் இருந்தது, ஊரில் யார் காதுக்கும் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்ல நினைப்பேன். சொன்னால் அடுத்த வருஷம் போன் வராது என்று பயந்து சொல்லாமல் விடுவேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் தப்ப வழியில்லாமல் போயிற்று. அச்சில் அவள் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. மார்கழி தொடக்கத்தில் ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன்.

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். ஓடிப்போய் டீயும் காகிதத்தில் இரண்டு வடையும் வாங்கி வந்தாள். "என்ன சார் திடீர்னு? உடம்பு நல்லாருக்குல்ல? இளைச்சிட்டீங்க" என்றாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கேட்டாள். "எத்தன நாளைக்கு முன்னாடி சார்?"

"இருபத்தோரு நாள்மா."

"கம்பிய எங்க வெச்சாங்க?"

"கொட்டகப் பரண்ல. அவரே சுருட்டி வெச்சாரு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"எடுத்துட்டுப் போயிடலாம்னு யாருக்குமே தோணலியா?"

"மாரிமுத்துன்னு எங்க வயர்மேன் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

அவள் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்றப்ப, இது உங்களுக்குத் தெரியும்ல சார்?" என்றாள்.

"தெரியும்மா."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் போகாமல் நின்றாள். "அந்த மாரிமுத்து சார் நம்பர் இருக்கா?"

இருந்தது. பேசாவிட்டாலும் அழிக்கவில்லை. சொன்னேன், கையில் எழுதிக்கொண்டாள். "வடை சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபமாகச் சொன்னாளா என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை.

பொங்கலன்று நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். குளித்து, குக்கரை ஏற்றி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மனைவி வீடியோவில் வந்தாள், பேரன் கரும்பைக் காட்டினான். அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. மதியம் வரை காத்திருந்தேன், மாலை வரையும் காத்திருந்தேன். வராது என்று தெரிந்துதான் ஒரத்தநாட்டுக்குப் போனேன், ஆனாலும் காத்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மூன்று நாள் கழித்துக் காய்கறிக் கடையில் பழைய பிரிவு ஹெல்பர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மாரிமுத்து வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். "பொங்கலன்னிக்கி காலைல யாரோ நர்ஸ் பொண்ணு மாரிக்குப் போன் பண்ணுச்சாம் சார். அர மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தானாம். யாருடான்னு கேட்டா ஒண்ணும் சொல்லாம அழுவுறானாம்" என்றார்.

காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பெண்ணின் குரல் அவனுக்குத்தான் வரவேண்டியது. இத்தனை வருஷம் அதை நான் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.